கன்னத்தால் போட்ட லைட்

தம்பிமாரே, தங்கச்சிமாரே, போன மாதம் நீங்கள் வயரிங் வேலை செய்துகொண்டிருந்த ஒரு வீட்டுக்கு என்னையும் கூட்டிப் போனீர்கள். சுவரில் ஒரு பிளக்கைச் சொருகி, கைப்பேசியில் எதையோ தட்டி, தெருவில் நின்றபடியே மாடி விளக்கை எரியவைத்துக் காட்டினீர்கள். நான் வாயைப் பிளந்து பார்த்தேன் என்பது உண்மைதான். உங்களில் ஒருவர், “அண்ணே, ஒங்க காலத்துல இந்த மாதிரி வேணும்னு யாராச்சும் கேட்டிருப்பாங்களா?” என்று சிரித்தார்.

அந்தக் காலத்திலேயே ஒருவர் கேட்டிருக்கிறார். அதை அங்கேயே சொல்லியிருக்கலாம். வீட்டுக்காரர்கள் பக்கத்தில் நின்றார்கள், அதனால் சொல்லவில்லை. நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை அது. வீட்டுக்கு வந்த பிறகும் மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. ஆகவே எழுதித் தருகிறேன். எந்தக் கம்பி, எத்தனை சுற்று என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அதில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள்.

எண்பதுகளின் தொடக்கம். மதுரை சிம்மக்கல்லில் ஒரு எலக்ட்ரிக்கல் காண்ட்ராக்டர் கடையில் நான் வயர்மேன். கல்யாணமாகி அவனியாபுரத்தில் குடியிருந்தேன். கே.கே. நகரில் அப்போதுதான் வீடுகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. எங்களுக்கு அங்கே ஓயாத வேலை.

ஒரு நாள் முற்பகலில் கடைக்கு ஒரு பெண் வந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். தோளில் கைப்பை, வேலைக்குப் போகிற அவசரம். “படுக்கையில இருக்கவங்க லைட்டு போடுற மாதிரி ஏதும் ஸ்விட்ச் இருக்காண்ணே?” என்று கேட்டார். கல்லாவில் இருந்தவர், கட்டில் தலைமாட்டில் தொங்கவிடுகிற பேரிக்காய் வடிவ ஸ்விட்சை எடுத்து வைத்தார். அந்த அம்மா அதைக் கையில் வாங்கி, கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திருப்பி வைத்துவிட்டு, “இத அழுத்தக் கை வேணும்லண்ணே” என்றார்.

அவர் படி இறங்கிப் போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடி, பஸ் நிறுத்தத்தில் பிடித்தேன். “வீடு எங்கக்கா? நான் ஒருதரம் வந்து பாக்குறேன்.”

அவர்தான் மரகதம் அக்கா. தொலைபேசி இணைப்பகத்தில் ஆபரேட்டர். பகல் சாயும் நேரத்து ஷிஃப்ட். மத்தியானம் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார். அவருடைய கணவர் பெயர் ராசாங்கம். அரசு அலுவலகம் ஒன்றில் டிராஃப்ட்ஸ்மேன், அதாவது கட்டடங்களுக்குப் படம் வரைகிறவர். கே.கே. நகரில் மனை வாங்கி, தானே வரைந்த படத்தை வைத்து வீடு கட்டினார். மொட்டைமாடிக் காங்கிரீட்டுக்குத் தண்ணீர் விடப் போன ஒரு நாள் காலையில், கைப்பிடிச் சுவர் எழும்பாத ஓரத்தில் கால் வழுக்கிவிட்டது. விழுந்ததில் கழுத்தெலும்பு போய், கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாமல் ஆகிவிட்டது. அவர் வரைந்த வீடு கட்டி முடிந்தபோது அவரைக் கட்டிலோடு தூக்கித்தான் உள்ளே கொண்டுவந்தார்கள்.

நான் போன அன்றைக்கு அவர் விட்டத்தைப் பார்த்தபடி படுத்திருந்தார். சவரம் செய்த முகம், வகிடெடுத்த தலை. அவருடைய கூடப்பிறந்த அக்கா ஓரத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். திருமங்கலம் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து தினமும் வந்து பார்த்துக்கொள்கிறவர். பஸ் பிடித்து ஊர் போய்ச் சேர வேண்டும் என்பதால் பொழுது சாய்வதற்கு முன்னால் கிளம்பிவிடுவார். அவர் போவதற்கும் மரகதம் அக்கா வருவதற்கும் நடுவில் உள்ள நேரம்தான் சிக்கல் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

“இருட்டுல கெடக்கக் கஷ்டமா இருக்குமே சார்” என்றேன்.

“இருட்டு எனக்கு ஒண்ணும் பண்ணாது தம்பி. உள்ள லைட்டு, ஃபேனு, ரேடியோ, இதெல்லாம் வந்தா வரட்டும். எனக்கு வாசல் லைட்டுதான் வேணும்.”

“வாசல் லைட்ட அக்கா போகையில போட்டுட்டுப் போலாம்ல?”

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அந்த அம்மா நிமிர்ந்தார். “அதத்தான் நானும் தெனம் செய்யிறேன். வேணாங்கிறான்.”

ராசாங்கம் சார் தலையை மட்டும் என் பக்கம் திருப்பினார். “அக்கா போட்டுட்டுப் போனா அது அக்கா போட்ட லைட்டு. மரகதம் வேல பாத்துட்டு வாரா. நான் இங்க கெடக்கேன். அவ வரயில நான் ஒரு லைட்டாவது போடணும் தம்பி.”

தம்பிமாரே, தங்கச்சிமாரே, வேலைக்குப் போனால் வீட்டுக்காரரிடம் என்ன வேண்டும் என்று கேட்கிறீர்கள். சாமான் பெயரைச் சொல்வார்கள். அதோடு நிறுத்திவிடாதீர்கள். யாருக்காக வேண்டும் என்றும் கேளுங்கள். அன்றைக்கு நான் அதைக் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். சொல்லாமல் போயிருந்தால் உள்ளே ஒரு டியூப் லைட்டைத் தானாக எரிகிற மாதிரி ஏதாவது செய்துவிட்டுக் கடமை முடிந்தது என்று போயிருப்பேன்.

கடையில் வந்து முதலாளியிடம் சொன்னேன். அவரும் வயர்மேனாக இருந்து வந்தவர்தான். வயல் கிணறுகளில் மோட்டார் மாட்டிய காலத்தில், ஈரத்தில் நின்ற ஒரு ஆள் கண்முன்னே ஷாக் அடித்துச் செத்துப்போனதைப் பார்த்தவர். அதிலிருந்து கரண்ட் விஷயத்தில் அவருக்கு விளையாட்டே கிடையாது.

“ஏண்டா, ஷாக் அடிச்சா உதறக்கூட முடியாத மனுசன். அவரு தலமாட்டுல போயிக் கரண்டக் கொண்டாந்து வைக்கப் போறியா?”

“தலமாட்டுல வெறும் பேட்டரிதாண்ணே. காரு பேட்டரி. தொட்டாலும் ஒண்ணும் பண்ணாது.”

“அது ஷாக்குக்குச் சொல்ற. தீக்கு என்ன சொல்ற?”

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“போடுறதுக்கு எத்தன வழி வேணாலும் வையி. நிறுத்துறதுக்கு ஒரு வழி தனியா இருக்கணும். மத்தது எது கெட்டாலும் அது கெடக் கூடாது. வீட்டு மெயினையே அவரு எறக்கணும். திரும்ப ஏத்துறது மட்டும் கையுள்ள ஆளு வந்து ஏத்தட்டும். அப்படி முடியும்னா செய்யி. முடியாதுன்னா அந்த வீட்டுப் பக்கம் போகாத.”

எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. ஒரு விளக்குக்கு இம்புட்டா என்று. ஆனால் அவர் சொன்னால் சொன்னதுதான்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் ராசாங்கம் சாரும் சேர்ந்து அதை உருவாக்கினோம். பழைய இரும்புக் கடையில் கழித்துப்போட்ட ரிலேக்களைப் பொறுக்கி வந்தேன். ரிலே என்றால் உங்களுக்குத் தெரியும், உங்கள் பிளக்குக்குள்ளும் அதுதான் குட்டியாக உட்கார்ந்திருக்கிறது. சின்னக் கரண்ட் வந்து பெரிய கரண்டைத் திறந்துவிடுகிற சாமான். படம் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. நான் தாளை அவர் முகத்துக்கு மேலே பிடித்துக்கொள்வேன். அவர் சொல்வார், நான் பென்சிலால் கோடு போடுவேன்.

“அங்கிட்டு. இன்னுங் கொஞ்சம். அந்தக் கோட்ட நேரா இழுப்பா.”

என் கோடு நேராகவே வராது. அவருடைய பார்வை அந்தப் பென்சில் முனையை விட்டு நகராது. ஒருமுறை உதட்டைக் கடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தவர், “பென்சில இன்னும் கொஞ்சம் சாச்சுப் பிடி. சாச்சுப் பிடிச்சா அதுவே போகும்” என்றார். நான் சாய்த்துப் பிடித்தேன். அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன். பசித்தவன் அடுத்தவன் இலையைப் பார்ப்பது போல இருந்தது. அதற்கப்புறம் பென்சிலைப் பிடிக்கும்போதெல்லாம் நான் ஒழுங்காகப் பிடித்தேன்.

அவரால் தலையை இரண்டு பக்கமும் திருப்ப முடியும். தலையணைக்கு இடப்பக்கம் ஒரு தகடு. கன்னத்தால் ஒருமுறை அழுத்தினால் டியூப் லைட், இரண்டுமுறை அழுத்தினால் ஃபேன், மூன்றுமுறை என்றால் ரேடியோ சொருகியிருக்கும் பிளக், நான்கு என்றால் வாசல் லைட். அதே கணக்கில் மறுபடி அழுத்தினால் அணையும். ஒவ்வொரு அழுத்துக்கும் சுவரிலிருந்த பெட்டி ‘டக்’ என்று பதில் சொல்லும். வலப்பக்கம் இன்னொரு தகடு. அது முதலாளி சொன்னது. அதை அழுத்தினால் வாசலில் இருக்கும் மெயின் ஸ்விட்சே விழுந்துவிடும். வீடே இருண்டுவிடும். கையால் தூக்கினால்தான் திரும்ப வரும்.

எல்லாம் சரியாகி அவர் முதன்முதலாக வாசல் லைட்டைப் போட்ட சாயங்காலம் நான் அங்கே இருந்தேன். டக், டக், டக், டக். வாசலுக்கு ஓடிப் போய்ப் பார்த்த அவருடைய அக்கா, “எரியுதுடா ராசா! எரியுது!” என்று கத்தினார். அவர் அணைத்தார். மறுபடி போட்டார். மறுபடி அணைத்தார். பிறகு என்னிடம், “நீ கெளம்பு தம்பி” என்றார்.

“அக்கா வர்ற வரைக்கும் இருந்து பாத்துட்டுப் போறேன் சார்.”

“வேணாம். கோவிச்சுக்காத. அவ வரயில நான் மட்டும் இருக்கணும்.”

ஆக, மரகதம் அக்கா முதல்முறை அந்த விளக்கைப் பார்த்ததை நான் பார்க்கவில்லை. மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் கடைக்கு வந்தார். ஒரு பை நிறையக் கொய்யாப்பழத்தைக் கல்லாவில் வைத்தார். தலையை ஆட்டிவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

கொஞ்ச நாளில் சார் அடுத்ததைக் கேட்டார். ஒரு கரண்ட் அடுப்பு. அவருடைய அக்கா ஊருக்குக் கிளம்பும்போது பால் பாத்திரத்தை அதன்மேல் வைத்துவிட்டுப் போவார். மரகதம் அக்கா வரும் நேரத்துக்கு இவர் கன்னத்தால் அடுப்பைப் போட்டால் பால் சூடாக இருக்கும்.

“வந்ததும் அடுப்படிக்குப் போறா தம்பி. சேலகூட மாத்தாம. காப்பிக்குப் பாலாவது சுட வச்சுக் குடுத்தா…”

செய்துவிடலாம் என்றுதான் மனசு சொன்னது. ஆனால் அந்த அறையிலிருந்து அடுப்படி தெரியாது. பால் பொங்கினாலும் துணி விழுந்தாலும் அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் எழுந்து போக முடியாது. “முடியாது சார். கண்ணுக்குத் தெரியாத எடத்துல சூடேறுற சாமான நான் மாட்ட மாட்டேன்” என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. இரண்டு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. இரக்கப்பட்டுச் செய்கிற வேலையில்தான் முடியாது என்று சொல்வது ரொம்பக் கஷ்டம். அப்போதும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த வருஷ மழைக்காலத்தில் ஒரு நாள். அதே தெருவில் நாலைந்து வீடு தள்ளி ஒரு புது வீட்டில் எனக்கு வேலை. நாலு மணிவாக்கில் கரண்ட் போய்விட்டது. பொழுது சாய்ந்த பிறகுதான் திரும்ப வந்தது. நான் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது இருட்டிவிட்டது. தெரு முனையில் மரகதம் அக்கா நின்றுகொண்டிருந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவர், அங்கேயே நின்று தன் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற வீடுகளிலெல்லாம் வெளிச்சம். அவர் வீடு மட்டும் இருட்டு.

“தம்பி, அவரு லைட்டு போடல.”

“கரண்டு இப்பத்தான வந்துச்சுக்கா. தூங்கிட்டிருப்பாரு.”

“அவரு தூங்க மாட்டாரு” என்று சொல்லிவிட்டு ஓடத் தொடங்கினார். நானும் பின்னால் ஓடினேன்.

வாசலுக்கு வந்ததும் கருகிய நெடி அடித்தது. உள்ளே இருமல் சத்தம். அக்கா பூட்டில் சாவியை நுழைக்கத் தடுமாறினார். நான் டார்ச்சை அடித்தேன். வெளிச்சம் வாசல் சுவரில் இருந்த மெயின் மேல் விழுந்தது. மெயின் இறங்கிக் கிடந்தது. அக்காவும் அதைப் பார்த்துவிட்டார். “இதுதான் விழுந்துருக்கு” என்று கையைக் கொண்டுபோனார்.

நம் தொழிலில் இருக்கிற எவனுக்கும் விழுந்து கிடக்கிற மெயினைக் கண்டால் கை தானாகப் போகும். என் கையும் எழும்பியது. இருட்டு, புகை நெடி, உள்ளே ஒரு மனுசர் இருமுகிறார். வெளிச்சம் வேண்டும் என்றுதான் உடம்பு முழுக்கக் கேட்கிறது. அந்த ஒரு நொடியில் எனக்கு ஒன்று மட்டும் தோன்றியது. இந்த மெயினை இறக்கக்கூடிய ஒரே ஆள் உள்ளே படுத்திருக்கிறவர். அவர்தான் இறக்கியிருக்கிறார். சும்மா இறக்கமாட்டார்.

“தொடாதீகக்கா!” என்று கத்தினேன். அவர் கையைத் தட்டிவிட்டேன். கதவைத் திறந்து டார்ச்சோடு உள்ளே போனோம்.

அறை முழுக்கப் புகை. கட்டிலுக்குப் பக்கத்து மேஜையில் ஒரு அயர்ன் பாக்ஸ் குப்புறக் கிடந்தது. அதற்கடியில் மடித்து விரித்திருந்த போர்வை வட்டமாகக் கருகி, விளிம்பு சிவப்பாக ஊர்ந்துகொண்டிருந்தது. அந்தப் போர்வையின் ஒரு முனை சாரின் இலவம்பஞ்சு மெத்தையைத் தொட்டுக்கொண்டிருந்தது. நான் பிளக்கைப் பிடுங்கினேன். போர்வையைச் சுருட்டி வாசலில் கொண்டுபோய் எறிந்து, குடத்துத் தண்ணீரை ஊற்றினேன். மெத்தை ஓரத்தில் கை வைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது, பிடித்திருக்கவில்லை. அங்கேயும் தண்ணீரை ஊற்றினேன். மெயின் இறங்கியிருந்ததால்தான் அந்த இருட்டில் கண்ட இடத்தில் தைரியமாகத் தண்ணீர் ஊற்ற முடிந்தது.

அக்கா ஜன்னல்களைத் திறந்துவிட்டு அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். இருமி முடித்து மூச்சு வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை எனக்கு இன்னமும் காதில் இருக்கிறது.

“இன்னிக்கு லைட்டு போட முடியல மரகதம்.”

நடந்தது இதுதான். அவருடைய அக்கா, மரகதம் அக்காவின் மறுநாள் சேலையைத் தேய்க்க நினைத்திருக்கிறார். கட்டில் பக்கத்தில் வசதியாக இருந்ததால் ரேடியோவின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதில் அயர்ன் பாக்ஸைச் சொருகினார். தேய்த்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. மழை வரும்போல இருக்கிறது, பஸ் போய்விடும் என்ற பதற்றத்தில் சேலையை மட்டும் எடுத்து மடித்து வைத்துவிட்டு, அயர்ன் பாக்ஸை அப்படியே விட்டுப் போய்விட்டார். கரண்ட் வந்தது. அயர்ன் பாக்ஸ் சூடேறியது. நெடி வந்ததும் சார் இடப்பக்கத் தகட்டை அழுத்தி அந்தப் பிளக்கை அணைக்கப் பார்த்திருக்கிறார். சுவர்ப் பெட்டி ‘டக்’ என்று சொன்னது, ஆனால் அயர்ன் பாக்ஸ் அணையவில்லை. அந்த ரிலே ரேடியோவுக்காகப் போட்டது. அயர்ன் பாக்ஸ் இழுத்த கரண்டில் உள்ளே இருந்த முனைகள் உருகி ஒட்டிக்கொண்டுவிட்டன. திரும்பத் திரும்ப அழுத்தியிருக்கிறார். புகை கண்ணை மறைக்கிறது. கூப்பிட்டால் கேட்க ஆள் இல்லை. அதன்பிறகுதான் வலப்பக்கம் திரும்பி மெயினை இறக்கியிருக்கிறார்.

“எறக்குனா வாசல் லைட்டும் போயிரும்னு தெரியும். அவ வர்ற நேரம். கொஞ்சம் யோசிச்சேன்” என்றார் பிறகு ஒரு நாள் என்னிடம். அந்தக் ‘கொஞ்சம் யோசிச்சேன்’ என்பதை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் அவருடைய அக்கா வந்து வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதார், உள்ளே வர மாட்டேன் என்று. மரகதம் அக்காதான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். “மயினி, நீங்க இல்லாட்டி நான் வேலைக்கே போக முடியாது” என்றார். சார் கட்டிலிலிருந்து, “அழுகாதக்கா. சேல நல்லா மடிப்புக் கலையாம இருந்துச்சுல்ல?” என்றார். அழுகைக்கு நடுவே அந்தம்மாவும் சிரித்துவிட்டார்.

உங்களுக்கு இதிலிருந்து இரண்டு விஷயம். ஒன்று, ஒரு சின்னப் பிளக்கை நீங்கள் எதற்காக மாட்டினீர்கள் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியாது, எதை வேண்டுமானாலும் அதில் சொருகுவார்கள். இன்னொன்று, அணைந்து கிடப்பதைப் பார்த்ததும் போட்டுவிடாதீர்கள். யாரோ ஒருவர் ஏதோ காரணத்துக்காக அணைத்திருக்கலாம். முதலாளியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். எனக்கு ஒரு டீ சொல்லிவிட்டு, தனக்கும் ஒன்று சொன்னார்.

அடுத்த வருஷம் எனக்கு வளைகுடாவுக்கு விசா வந்தது. சொல்லிக்கொள்ளப் போனேன்.

“எம்புட்டு நாளு?” என்று கேட்டார் சார்.

“ரெண்டு வருசம் சார்.”

“ஒம் பொண்டாட்டி என்ன சொல்லுச்சு?”

“ஒண்ணும் சொல்லல.”

“அப்ப நெறையச் சொல்லியிருக்கு” என்றார்.

அங்கே பெரிய பெரிய கட்டடங்களில் வேலை பார்த்தேன். எல்லாமே தானாக இயங்கும். ஆள் போனால் விளக்கு எரியும், ஆள் இல்லையென்றால் அணையும். வியப்பாகத்தான் இருந்தது. சாயங்காலம் நாங்கள் தங்கியிருந்த கொட்டகைக்குத் திரும்பும்போது, ஒரே அறையில் எங்கள் எல்லோருக்குமாக ஒரு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அது எப்போதும் எரிந்துகொண்டேதான் இருக்கும். ஸ்விட்ச் எங்கே இருந்தது என்றுகூட நான் கவனித்ததில்லை. அந்த நேரத்தில் அவனியாபுரத்தில் இருட்டி வெகுநேரம் ஆகியிருக்கும். அவள் சாப்பிட்டாளா, பிள்ளை தூங்கினானா என்று ஓடும். பக்கத்துப் படுக்கைக்காரரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருப்பார்.

விடுமுறையில் ஊருக்கு வந்தேன். பிள்ளை என்னைப் பார்த்துவிட்டு அம்மா சேலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். சிம்மக்கல் கடைக்குப் போனபோது முதலாளி சொன்னார், ராசாங்கம் சார் போய்ச் சேர்ந்து அஞ்சாறு மாசம் ஆகிவிட்டது என்று. நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் வந்து, ஒரு வாரத்தில் முடிந்துவிட்டதாம்.

நான் வரும்போது ஒரு டைம் ஸ்விட்ச் வாங்கி வந்திருந்தேன். கடிகாரத்தோடு இருக்கும். நாம் வைத்த நேரத்துக்குத் தானாகப் போடும், தானாக அணைக்கும். ஜெர்மன் சாமான், அப்போது மதுரையில் கிடைக்காது. சாருக்குக் காட்டலாம், பிரித்துப் பார்த்து ரசிப்பார் என்று வாங்கியது. அதை எடுத்துக்கொண்டு மரகதம் அக்காவைப் பார்க்கப் போனேன். அவருக்குத்தான் இனி அது தேவைப்படும் என்று தோன்றியது. வேலை முடிந்து வந்து இருட்டான வீட்டைத் திறக்கிறாரே.

ஞாயிற்றுக்கிழமை, பகல். அக்கா இளைத்திருந்தார். கட்டில் இல்லை. சுவரில் நான் மாட்டிய பெட்டி மட்டும் அப்படியே இருந்தது. காப்பி கொடுத்தார். நான் சாமானை எடுத்து வைத்து விளக்கினேன்.

“நீங்க வர்ற நேரத்த இதுல வச்சுட்டாப் போதும்க்கா. வாசல் லைட்டு தானா எரியும். நீங்க தெருவுல திரும்பயில எரிஞ்சுக்கிட்டு இருக்கும்.”

அவர் அந்தக் கடிகார முகத்தைச் சுற்றிப் பார்த்தார். “நல்லாருக்கு” என்றார். பிறகு மேஜையில் வைத்தார்.

“தம்பி, அவரு எப்பவுமே எரிய வச்சுக்கிட்டு இருக்க மாட்டாரு.”

எனக்குப் புரியவில்லை.

“எனக்கும் மொதல்ல தெரியாது. பஸ்ஸு பிந்துற அன்னிக்கு லைட்டும் பிந்தும். முந்துனா முந்தும். நான் அந்த முனைல திரும்புவேன், அப்பத்தான் எரியும். எப்படித் தெரியும்னு கேட்டேன். பஸ்ஸு நிப்பாட்டிட்டுக் கெளம்புற சத்தம் அவருக்கு இங்க கேக்கும். அதுக்கப்புறம் நான் நடக்குறத மனசுல நடப்பாராம். நான் எம்புட்டு வேகமா நடப்பேன், எந்த எடத்துல தேங்குன தண்ணிக்கு ஒதுங்குவேன், எல்லாம். கால் வலிச்சு மெதுவா வந்தேன்னா நான் திரும்புறதுக்கு முன்னாடியே லைட்டு எரிஞ்சுரும். உள்ள வந்ததும் கேப்பாரு, இன்னிக்கு என்ன கால் வலியான்னு.”

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழவில்லை, வியர்வையைத் துடைக்கிற மாதிரிதான் துடைத்தார்.

“இப்பவும் அந்த முனைல வந்ததும் நிக்கிறேன் தம்பி. கொஞ்ச நேரம் நின்னுட்டுத்தான் வாரேன். இத மாட்டுனா நான் எதுக்காக நிக்கிறது? கோவிச்சுக்காத. நீ அம்புட்டுத் தூரத்துல இருந்து தூக்கிட்டு வந்திருக்க.”

“கோவமெல்லாம் இல்லக்கா” என்றேன். சுவரில் இருந்த பெட்டியைக் கழற்றட்டுமா என்று கேட்டேன். இருக்கட்டும் என்றார். டைம் ஸ்விட்சை அட்டைப்பெட்டியில் திரும்பப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வாசல் வரை வந்து, “ஒம் பொண்டாட்டியக் கூட்டிட்டு வா ஒரு நாளைக்கு” என்றார். கூட்டிப் போகவில்லை. விடுமுறை முடிந்து நான் கிளம்பிவிட்டேன், இன்னும் இரண்டு வருஷத்துக்கு. போகாமல் இருக்க முடிகிற நிலையில் நான் இல்லை.

கிளம்புவதற்கு முன்னால் அந்த டைம் ஸ்விட்சைச் சிம்மக்கல்லில் தெரிந்த ஒரு ஜவுளிக்கடைக்காரரின் பெயர்ப்பலகைக்கு மாட்டிக் கொடுத்தேன். அவருக்கு ரொம்ப சந்தோஷம். நல்ல சாமான் அது. மழை வந்தாலும், கடை அடைப்பு என்றாலும், வருஷக்கணக்கில் ஒரு நாளும் தவறாமல் அதே நேரத்துக்கு எரிந்தது. யாரும் அதை அண்ணாந்து பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை.